முப்பத்தொரு போன்களும் அமுதவல்லியும்

அமுதவல்லியின் கடையில் விற்பதற்கென்று அதிகம் இல்லை. டீ, பீடி, சோப்பு, தீப்பெட்டி, மூன்று ஜாடிகளில் முறுக்கும் கடலை மிட்டாயும் பன்னும். ஆனாலும் மலையூர்கள் பல சேர்ந்த நெல்லிவாசல்நாட்டில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. காரணம் கடையின் பின்சுவரோடு நிற்கும் மர அலமாரி. நான்கு தட்டு. அதில் முப்பத்தொரு செல்போன்கள்.

ஊருக்குக் கரண்ட் வந்து ரொம்ப நாளாகிறது. சிக்னலும் வந்தது. ஆனால் பள்ளத்தில் இருக்கிற வீடுகளுக்கு இறங்காமல், ரோடு வளைகிற மேட்டோடு நின்றுவிட்டது. அந்த மேட்டில்தான் அமுதவல்லியின் கடை. வீட்டிலும் எடுக்காது, சாமை விளைகிற கொல்லையிலும் எடுக்காது என்றால் போனை மடியில் கட்டிக்கொண்டு திரிந்து என்ன பயன்? காலையில் வேலைக்குப் போகிறவர்கள் அதை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வாங்கிக்கொள்வார்கள். பதினோரு வருஷமாக இப்படி. இதற்கு அவள் காசு வாங்கியதில்லை. போனை வைக்க வருகிறவர் ஒரு டீ குடிப்பார், அது போதும்.

வைத்துக்கொள்வது மட்டுமில்லை, அடித்தால் எடுக்கவும் வேண்டும். அடிக்கிற போனை எடுக்காமல் விடுவது, வாசலில் வந்து நிற்கிறவனை வா என்று சொல்லாமல் விடுவது போல என்பது அவள் எண்ணம். மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடுவாள். எந்த மணி யாருடையது என்பது காதுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும். செல்லியின் போன் புளி வாசனை அடிக்கும். வெற்றிவேலுடையதில் மூலை உடைந்திருக்கும். சின்னதம்பியுடையதைச் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று சுற்றிப் பிடித்திருக்கும். சாயங்காலம் ஆள் வந்ததும் சேதியைச் சொல்லுவாள்.

"பெங்களூர்ல இருந்து உன் மருமவன் பேசினான். ஞாயித்துக்கெழம வர்றானாம். கோழி கீழி அடிக்க வேணாம்னு சொல்லச் சொன்னான். நீ அடி."

போனைத் திறக்க நான்கு எண் போட வேண்டும் என்று வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும், மேல் ஊர்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற பழனியின் ஜீப் நம்பரையே போட்டிருந்தார்கள். அந்த மலையில் தினம் இரண்டு வேளை கண்முன்னால் போய்வருகிற எண் அது ஒன்றுதான். மறக்கவே முடியாது. இப்படி ஆகிவிட்டது என்று தெரிந்தபோது எல்லோருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆத்திர அவசரத்துக்கு யார் போனையும் யாரும் திறக்கலாம்.

சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு நாள், காலை ஒன்பது மணி இருக்கும். சின்னதம்பியின் போன் அடித்தது.

சின்னதம்பிக்கு அறுபது வயது. நாட்டுத் திருவிழாவுக்கு நாள் சொல்வது, பஞ்சாயத்துக்கு ஆள் கூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பை நடத்துவதும் அவர்தான். நடத்துவது என்றால், காலையில் கடைக்கு வந்ததும் ஒரு பூப்படம் போடுவார். வேலைக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் அந்தப் பூவைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவார்கள்.

"வணக்கம்மா. சின்னதம்பி சாருங்களா?" மறுமுனையில் ஒரு ஆண்குரல். டவுன் பேச்சு, நல்ல மரியாதை.

"அவரு கொல்லைக்குப் போய்ட்டாரு. நான் கடை அமுதவல்லி. இன்னா சேதி, சொல்லுங்க."

"அவர் பேர்ல தார்ப்பாய் ஒண்ணு வந்திருக்குங்க. விவசாயிங்களுக்கு இலவசமா குடுக்கறது. இன்னிக்குள்ள பதியணும். இல்லன்னா வேற ஊருக்குப் போயிடும்."

போன வாரம்தான், அடித்துப் போட்ட சாமையில் பாதியை மழை நனைத்துவிட்டது. ஒரு தார்ப்பாய் இருந்திருந்தால் என்று சின்னதம்பி இந்தக் கடையில் உட்கார்ந்துதான் புலம்பினார். அமுதவல்லிக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"இன்னா கலருங்க?"

"நீலம்மா."

"பெருசா?"

"பெருசுதாம்மா. இப்ப அந்த போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க. அதைச் சொன்னா பதிஞ்சிடலாம்."

வந்திருந்தது. அதோடு இங்கிலீஷில் இரண்டு வரி. அமுதவல்லி எட்டாவது வரை படித்தவள். எண் தெரியும், தமிழ் தெரியும். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணொண்ணா சொல்றேன், எழுதிக்கோங்க."

சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அவளுடைய வழக்கப்படி, "எங்க, திருப்பிச் சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். அவனும் திருப்பிச் சொன்னான்.

"சரியா கீது" என்று வைத்தாள். சாயங்காலம் சின்னதம்பியின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துக்கொண்டே பால் காய்ச்சினாள்.

அரைமணி நேரம் போயிருக்கும். மேல் தட்டில் ஒரு போன் கூவியது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் நான்கு தட்டிலும், மழை விட்டதும் தவளைகள் கத்துவது போல. திருவிழாவுக்கு நாள் குறித்துவிட்டார்களா என்று ஒன்றை எடுத்துப் பார்த்தாள். சின்னதம்பியிடமிருந்து வந்திருந்தது.

'நான் வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இருக்கேன். ரொம்ப அவசரம். 4000 அனுப்பவும். பேச முடியாது.'

கீழே ஒரு எண்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஏழு மணிக்கு இதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போன மனுஷன். அரிவாள் பட்டிருக்குமா? பாம்பா? யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? இந்த வளைவைத் தாண்டாமல் வேலூருக்கு வழி ஏது?

அப்போதுதான் அவள் கண் இரண்டாவது தட்டுக்குப் போனது. சைக்கிள் டியூப் சுற்றிய போன், கூரையைப் பார்த்துப் படுத்திருந்தது. முப்பது போன்கள் கத்தியபோது கத்தாமல் இருந்தது அது ஒன்றுதான். முப்பது போனுக்கும் அதிலிருந்து சேதி போயிருக்கிறது. அது அசையவே இல்லை.

எடுத்து வாட்ஸ்அப்பைத் திறந்தாள். புதுப் போனைப் பார்ப்பது போல, உன் நம்பர் என்ன என்று கேட்டது. பூப்படங்கள் இல்லை. குரூப் இல்லை.

அமுதவல்லி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆறு எண். திருப்பிச் சொல்லுங்க பார்க்கலாம் என்று கேட்டது வேறு ஞாபகம் வந்தது.

பதினோரு வருஷத்தில் ஒரு போன் தொலைந்ததில்லை. இப்போதும் தொலையவில்லை. போன் பத்திரமாக இருக்கிறது, அதற்குள் இருந்த ஆள்தான் போய்விட்டார். நாளைக்கு இந்த அலமாரியில் யார் வைப்பார்கள்?

செல்லியின் போன் அடித்தது.

"வணக்கம்மா. செல்லி அம்மாங்களா?"

அதே குரல். அமுதவல்லிக்குப் புரிந்தது, குரூப்பில் இருக்கிற பேர்களை வரிசையாகப் பிடிக்கிறான். வைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் வாய் பேசிவிட்டது.

"ஆமாங்க."

"உங்க பேர்ல தார்ப்பாய் ஒண்ணு வந்திருக்குங்க."

"நீலமா?"

"ஆமாம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேசிக்கிறாங்க."

"இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், பாருங்க."

செல்லியின் போனில் வந்ததை அவள் பார்க்கவே இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய தேதியை வாசித்தாள். நாள் இரண்டு எண், மாதம் இரண்டு, வருஷத்தில் கடைசி இரண்டு.

"தப்புன்னு வருதேம்மா."

"ஊர்ல மழைங்க. அதான் சரியா வரல போலருக்கு." சோப்புப் பெட்டியின் அடியில் அச்சடித்திருந்ததில் ஆறு எண்ணைச் சொன்னாள். அதுவும் தப்பு. டீத்தூள் பாக்கெட்டைத் தேடி எடுப்பதற்குள் அவன் வைத்துவிட்டான்.

அடுத்து பெரியம்மாளின் போன். அவளுக்கும் தார்ப்பாய். அமுதவல்லி பாதிப் பேச்சில் இருமி, ஒரு வாய் டீ குடித்து, டீத்தூள் பாக்கெட்டில் இருந்ததை வாசித்தாள். அடுத்து வெற்றிவேலுடையது.

"வெற்றிவேல் சாருங்களா?"

"அவரு மாடு ஓட்டிக்கினு போய்ட்டாரு. நான் கடை அமுதவல்லி."

அவன் குரல் உயர்ந்தது.

"எல்லா போன்லயும் நீதான் எடுப்பியா?" மரியாதை போய்விட்டிருந்தது.

"ஆமா. இன்னும் இருவத்தேழு கீது. ஒண்ணொண்ணா அடி. நான் எங்கயும் போவல."

அவன் நம்பவில்லை போலிருக்கிறது. இன்னும் இரண்டு போன் அடித்தது. எடுத்ததும், அவன் வாய் திறக்கும் முன் "நீலமா?" என்றாள். அதற்கப்புறம் அலமாரி அமைதியானது.

அமைதியைக் கலைத்தது பழனியின் ஜீப். மேல் ஊர்களிலிருந்து ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி இறங்கி வந்து, கடை வாசலில் நின்றது. மேல் ஊர்க்காரர்களுக்குச் சிக்னல் எடுக்கும் பாறை ஒன்று தனியாக உண்டு. அதில் நின்றவர்கள் சேதியைப் பார்த்திருக்கிறார்கள். நாலாயிரத்தைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், புறப்பட்டுப் போய்ப் பார்ப்பது. ஜீப்பில் பதினாலு பேர் இருந்தார்கள். பாய் இருந்தது, தலையணை இருந்தது, ஒரு தூக்கில் கேழ்வரகுக் கூழ் இருந்தது. முன்சீட்டில் சின்னதம்பியின் தங்கை கன்னியம்மாள், மடியில் உயிர்க்கோழியோடு. ஒரு புளியமரத் தகராறில் அண்ணனோடு இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அமுதா, எங்க அண்ணனைக் கூட்டிக்கினு போனத நீ பாத்தியா?" என்றாள்.

அமுதவல்லி பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்து மணி டீக்காக, அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு, சின்னதம்பி மேடேறி வந்துகொண்டிருந்தார்.

"எல்லாரும் எங்க கெளம்பிட்டீங்க?"

"உன்னைப் பாக்கத்தான்" என்றான் பழனி.

"எனக்கு இன்னா?"

"ஆஸ்பத்திரியில கீற."

சின்னதம்பி குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். இரண்டும் இருந்தன.

கன்னியம்மாள் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. அண்ணனை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். "நல்லாத்தான் கீறான். கோழி வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இனி மறைத்துப் பயனில்லை. அமுதவல்லி டீக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு எண், தார்ப்பாய், திருப்பிச் சொல்லச் சொன்னது. எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் பதினாலு பேரும் அலமாரியைப் பார்த்தார்கள்.

"தார்ப்பாய் இன்னா கலரு?" என்று பழனி கேட்டான்.

"நீலம்."

முதலில் பின்சீட்டில் ஒருவர் சிரித்தார். அப்புறம் ஜீப்பே குலுங்கியது. கோழியும் கத்தியது. சின்னதம்பி மட்டும் சிரிக்கவில்லை. "என் பேர்ல ஒருத்தன் ஊரெல்லாம் காசு கேட்டுட்டான் இல்ல" என்றார்.

அந்த நேரத்துக்குக் கீதாஞ்சலி வந்தது நல்லதாகப் போயிற்று. அந்தப் பகுதியின் கிராம செவிலியர் அவள், கீழே கணியம்பாடிப் பக்கத்துப் பெண். குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நாள் அது. ஸ்கூட்டரை நிறுத்தி, விஷயத்தைக் கேட்டு, சின்னதம்பியின் போனை வாங்கினாள். அவருடைய எண்ணைப் போட்டாள். மறுபடி ஆறு எண் வந்தது. யாருக்கும் சொல்லாமல் அவளே அதை அழுத்தினாள். போன் அதற்கும் மேல் இன்னொரு ரகசிய எண்ணைக் கேட்டது.

"அவன் பூட்டு போட்டு வச்சிட்டான். அந்த நம்பர் நமக்குத் தெரியாது. ஏழு நாள் காத்திருந்தா அது இல்லாமலே தொறந்துடும். ஆனா இந்த நிமிஷத்தோட அவன் வெளிய போய்ட்டான். இனிமே உங்க பேர்ல பேச முடியாது, பெரியப்பா" என்றாள். பிறகு இந்த மாதிரி மோசடிக்குப் புகார் சொல்கிற 1930-க்குக் கூப்பிட்டு, அவன் பேசிய எண்ணையும் பணம் கேட்ட எண்ணையும் சொன்னாள்.

பழனி தன் போனிலிருந்து குரூப்பில் பேசினான். "சின்னதம்பி நல்லா கீறாரு. டீ குடிக்கிறாரு. யாரும் காசு அனுப்பாதீங்க." யாரும் அனுப்பியிருக்கவில்லை. பெங்களூரில் கட்டட வேலை செய்த இரண்டு பேர் மட்டும் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருந்தார்கள். ஓசூரில் இறங்கித் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

"அந்த இங்கிலீஷ்ல இன்னா எழுதிக்கீது?" என்று அமுதவல்லி மெதுவாகக் கேட்டாள்.

"இந்த நம்பரை யாருக்கும் சொல்லாதேன்னு."

"தமிழ்ல எழுதியிருந்தா அதையும் சேர்த்து அவனுக்குப் படிச்சிக் காட்டியிருப்பேன்" என்றாள் அமுதவல்லி.

சாயங்காலம் ஊசி வேலை முடிந்து கீதாஞ்சலி கடைக்குத் திரும்பியபோது, போன் வாங்க வந்தவர்கள் கூடியிருந்தார்கள். ஒவ்வொருவர் வாட்ஸ்அப்புக்கும் நாமே முன்கூட்டி ஒரு ஆறு எண் ரகசியம் போட்டுவிட்டால், அடுத்தவன் சுலபமாக உள்ளே வர முடியாது என்று விளக்கினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆளுக்கொரு மூலையில் போய் நின்று, கையால் மறைத்துக்கொண்டு போட்டார்கள். கீதாஞ்சலிக்கு என்னவோ தோன்றியது.

"பெரியம்மா, நீங்க இன்னா போட்டீங்கன்னு கேக்க மாட்டேன். பழனி அண்ணா ஜீப் நம்பரா?"

பெரியம்மாள் போனை மடிக்குள் தள்ளினாள்.

"அது நாலுதானே. ஆறுக்கு இன்னா பண்ணீங்க?"

"முன்னாடி ரெண்டு சைபர்" என்றாள் பெரியம்மாள். எட்டுத் திக்கிலிருந்தும் ஆட்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருமே அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

மறுபடியும் முதலிலிருந்து. போனைத் திறக்கிற நான்கு எண்ணையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றாள் கீதாஞ்சலி. இந்தத் தடவை வேறு வேறு. அதில்தான் அடுத்த வம்பு வந்தது. போட்டு முடித்த ஒவ்வொருவரும் நேரே அமுதவல்லியிடம் வந்து காதருகே குனிந்தார்கள்.

"அக்கா, என்னுது சொல்றேன், ஞாபகம் வச்சிக்கோ."

"சொல்லாத" என்று அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"உன்னாண்ட சொல்லாம வேற யாராண்ட சொல்றது?" என்றாள் செல்லி. கோபம்தான்.

"யாராண்டயும் சொல்லாத. உன் புருஷனாண்டயும் சொல்லாத."

"அந்தாளாண்ட நான் எப்ப இன்னா சொல்லிக்கீறேன்."

சின்னதம்பி தன் போனை டியூபோடு எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். டீ குடிக்காமல் இறங்கிப் போனார்.

மறுநாள் காலை அமுதவல்லி அலமாரியைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஆறு மணி. ஆறரை. அந்த நேரத்துக்கு வழக்கமாகப் பத்துப் போனாவது வந்திருக்கும். ரோட்டில் இரண்டு பேர் போனார்கள், கடைப் பக்கம் திரும்பவில்லை. அவள் காலித் தட்டை மறுபடி துடைத்தாள்.

ஆறே முக்காலுக்குப் பெரியம்மாள் வந்தாள். மடியிலிருந்து போனை எடுத்து முகம் கவிழ்த்து வைத்தாள்.

"கவுத்து வச்சிருக்கறேன். அடிச்சாத் தவிர நிமித்தாத. நம்பரு கேக்காத."

"கேக்க மாட்டேன்."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, டீக்கு உட்கார்ந்தாள்.

எட்டு மணிக்குள் முப்பது போன் வந்துவிட்டது. எல்லாமே குப்புறப் படுத்திருந்தன. வேலையும் கொஞ்சம் மாறியது. அடித்தால் எடுப்பாள். யார், எங்கிருந்து என்று கேட்பாள். சேதி வாங்குவாள். இங்கிருந்து ஒரு எண்கூடப் போகாது. ஆள் கொல்லையில் இருக்கிறார், சாயங்காலம் கூப்பிடு என்பாள். அவசரம் என்று பதறுகிறவர்களிடம், "அவசரம்னா நேர்ல வா, டீ தர்றேன்" என்பாள்.

இரண்டாவது தட்டில் ஒரு போனளவு இடம் மட்டும் காலி. சின்னதம்பி தினம் அந்த வழியாகத்தான் போனார். மூன்றாம் நாளிலிருந்து டீ குடித்தார். போன் மடியிலேயே இருந்தது. மடியோடு பள்ளத்தில் இறங்கினால் அதற்குச் சிக்னல் கிடையாது. வாட்ஸ்அப்பும் கிடையாது. ஆனாலும் வைக்கவில்லை. அமுதவல்லியும் கேட்கவில்லை. ஆறாம் நாள் கன்னியம்மாளின் சேதியைப் பழனி கொண்டுவந்தான். காலையில் பூ வராததால் தலை வலிக்கிறதாம். அது அண்ணனுக்குச் சொன்னதில்லை, பொதுவாகச் சொன்னதாம்.

எட்டாம் நாள் காலை சின்னதம்பி பெஞ்சில் உட்கார்ந்து, கீதாஞ்சலி எழுதிக் கொடுத்திருந்த சீட்டைப் பிரித்தார். ஒவ்வொன்றாக அழுத்தினார். குரூப் வந்தது. ரகசிய எண் போடுகிற இடமும் வந்தது. அவர் எதை எண்ணினாலும் வாய்விட்டு எண்ணுகிற ஆள். சாமை மூட்டையானாலும் அப்படித்தான். ஆறு எண்ணையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் போட்டார். போட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

அமுதவல்லி வாளிக்குள் தலையைவிட்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா?"

"இன்னா மாமா?"

"ஒண்ணுமில்ல." ஒரு செம்பருத்திப் படத்தைக் குரூப்பில் போட்டார். போனைக் கவிழ்த்து இரண்டாவது தட்டில் வைத்தார்.

அவளுக்குக் கேட்டிருந்தது. அந்த ஆறு எண் என்ன என்பது இங்கே வேண்டாம்.

ஒரு வாரம் போயிருக்கும். வாட்ஸ்அப் திடீரென்று சின்னதம்பியிடம் ரகசிய எண்ணைக் கேட்டது. ஆள் மறந்துவிட்டாரா என்று சோதிப்பதற்காக அது அவ்வப்போது கேட்குமாம். அவர் மறந்திருந்தார். காலைப் பூ போட வேண்டிய நேரம். ஒன்று போட்டார், தப்பு என்றது. இன்னொன்று போட்டார். நெற்றியைத் தேய்த்தார்.

"அமுதா, அன்னிக்கி நான் சத்தமா சொன்னேன் இல்ல. உனக்குக் கேட்டிருக்கும்."

அவள் வாயில் ஆறு எண்ணும் வரிசையாக வந்து நின்றன. பதினோரு வருஷப் பழக்கம். சொன்னால் ஒரு நொடி வேலை. மாமா சந்தோஷமாகப் பூ போடுவார், கன்னியம்மாளுக்குத் தலைவலி தீரும்.

"கேக்கல மாமா" என்றாள்.

"நெசமாவா?"

"தண்ணி சத்தம்."

சின்னதம்பி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து ரோட்டுக்குப் போனார். வளைவு வரை நடந்தார், திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். மூன்றாவது தடவை பாதியில் நின்று, விரலை மடக்கி ஏதோ எண்ணிவிட்டு, வேகமாகத் திரும்பினார். போனை எடுத்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல விரலை நிறுத்தினார்.

"அமுதா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு."

அமுதவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு மலையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால், அலமாரியில் கவிழ்ந்திருந்த முப்பது போன்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவின. பூ வந்துவிட்டது. அவள் எதையும் நிமிர்த்திப் பார்க்கவில்லை.